பாடம் படைத்த பெருமகன் அசுதோஷ் முகர்ஜி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

கல்லூரியில் சேரும்போது நாம் ஒவ்வொருவரும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு பாடப்பிரிவின் பெயரை எழுதுகிறோம். இயற்பியல் என்றோ, வரலாறு என்றோ, வணிகவியல் என்றோ எழுதிக் கையெழுத்திடுகிறோம். அந்தப் பாடப்பிரிவு அங்கே எப்படி வந்தது, யார் கேட்டார்கள், யார் மறுத்தார்கள், யார் இசைவு தந்தார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊருக்கு வெளியே நிற்கும் மலையைப் போல அதுவும் என்றைக்கும் அங்கேயே இருந்ததாக நினைத்துக்கொள்கிறோம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் முதுகலை இயற்பியல் தொடங்க விண்ணப்பித்திருந்தார்கள். ஆய்வுக்குழு வரும் செய்தி கிடைத்ததும் நாங்கள் இரண்டு நாட்கள் ஆய்வகத்திலேயே இருந்தோம். நிறமாலைமானிகளைத் துடைத்தோம். அலமாரிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினோம். நூலகத்திலிருந்து நூல்களைச் சுமந்து வந்து அடுக்கினோம். குழுவினர் வந்தார்கள்; கருவிகளை எண்ணினார்கள்; நூல்களை எண்ணினார்கள்; ஆசிரியர்களையும் எண்ணினார்கள். சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. ஆசிரியர் எண்ணிக்கையும் ஆய்வக இடமும் போதாமையால் இந்த ஆண்டு இசைவு தர இயலாது என்பது அதன் சாரம்.

என் தந்தை அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். தாய் வயல் வேலைக்குச் செல்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதுகலை இயற்பியல் உள்ள கல்லூரிக்குச் செல்ல எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்க எங்கள் வீட்டில் வழியில்லை. ஆகவே அந்தக் கடிதம் எனக்கு வெறும் அலுவலகக் கடிதமாகத் தோன்றவில்லை. ஒரு பாடம் தொடங்க இத்தனை வாசல்கள் எதற்கு என்று எங்கள் துறைத்தலைவர் ஐயாவிடம் கேட்டேன். அவர் சற்றுச் சிரித்துவிட்டு, சர் சி. வி. இராமனின் வரலாற்றைப் படித்தால் மட்டும் போதாது, இராமனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவரின் வரலாற்றையும் படிக்கச் சொன்னார். அப்படிப் படித்து நான் அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

தோற்றமும் கல்வியும்

அசுதோஷ் முகர்ஜி 1864ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கங்காபிரசாத் முகர்ஜி ஒரு மருத்துவர். வீட்டில் நூல்களுக்குக் குறைவில்லை. அந்த வகையில் அவர் நம்மில் பலரைப் போன்றவர் அல்லர். ஆனால் வசதி இருந்தும் சோம்பி இருந்தாரில்லை. மாநிலக் கல்லூரியில் படிக்கும் இளம் வயதிலேயே யூக்ளிடின் தேற்றம் ஒன்றுக்குப் புதிய நிறுவல் எழுதினார். அது 1881இல் இங்கிலாந்தின் கணித ஏடு ஒன்றில் வெளிவந்தது. 1885இல் கணிதத்திலும், அடுத்த ஆண்டே இயற்கை அறிவியலிலும் முதுகலைப் பட்டங்கள் பெற்றார்.

அவர் காலத்துப் பல்கலைக்கழகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857இல் தோன்றியவை. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டவை. அவை தேர்வு நடத்தும், பட்டம் வழங்கும், பாடம் நடத்துவதோ கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகத்துக்கென்று வகுப்பறையும் இல்லை, ஆய்வகமும் இல்லை. ஆராய்ச்சி செய்ய விரும்பும் இளைஞனுக்கு அங்கே உட்கார ஓர் இடம் இல்லை.

அந்த இல்லாமை முதலில் அசுதோஷையே தாக்கியது. கணித ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்க அவர் விரும்பினார். அவருக்காக ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்க நலம் விரும்பிகள் நிதி திரட்ட முயன்றார்கள், கைகூடவில்லை. வேறு வழியின்றி அவர் சட்டம் பயின்றார். 1888இல் சட்டப் பட்டமும், 1894இல் சட்டத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். வழக்குமன்றம் ஒரு பெரிய வழக்கறிஞரைப் பெற்றது. கணிதம் ஒரு பெரிய கணித அறிஞரை இழந்தது. ஒரு பாடத்துக்கு இடம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தோல்வியில் தொடங்கிய தொண்டு

1889இல், இருபத்தைந்தை எட்டும் வயதில், அவர் பல்கலைக்கழகத்தின் செனட் சபை உறுப்பினரானார். அதே ஆண்டில் சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழுவிலும் இடம் பெற்றார். அன்று முதல் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், இறக்கும் வரை, அந்தப் பல்கலைக்கழகமே அவருடைய இரண்டாம் வீடு ஆயிற்று.

ஒரு புதிய பாடமோ, பாடத்தில் ஒரு மாற்றமோ வேண்டுமென்றால் அன்று அது பல படிகள் ஏறவேண்டும். அந்தந்தப் பாடத்துக்குரிய குழு ஆராயும், கலை, அறிவியல் முதலிய புலங்கள் விவாதிக்கும், ஆட்சிக்குழு பார்க்கும், செனட் சபையில் வாக்கெடுப்பு நடக்கும். விதியையே மாற்றவேண்டும் என்றால் அரசின் ஒப்புதலும் வேண்டும். எந்தப் படியிலும் அது வழுக்கி விழலாம்.

அசுதோஷின் முதற்பெரும் முயற்சியும் அப்படித்தான் விழுந்தது. 1891இல், இருபத்தேழு வயது இளைஞராக, பல்கலைக்கழகத் தேர்வுகளில் தாய்மொழிகளுக்கு இடம் தரவேண்டும் என்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திரரும், பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தரான குருதாஸ் பானர்ஜியும் ஆதரித்தும் தீர்மானம் தோற்றது. பெரியோர் துணைநின்ற தீர்மானமே தோற்றால் இளைஞன் மனம் ஒடியாதா? அவர் ஒடியவில்லை. அவையை இகழ்ந்து வெளியேறவும் இல்லை. அந்த அவையிலேயே தொடர்ந்து அமர்ந்து, அதன் விதிகளை வரிவரியாகக் கற்றார். அவர் கற்ற இரண்டாவது பாடம் அதுதான் எனலாம்.

சட்டம் திறந்த வாசல்

வைசிராய் கர்சன் காலத்தில், 1902இல், பல்கலைக்கழகங்களை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. அதன் விளைவாக 1904இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. செனட் சபையின் பெரும்பான்மை இடங்களை நியமன உறுப்பினர்களே நிரப்பும்படி அது செய்தது. அரசின் பிடியை இறுக்கியது. ஆகவே கோகலே முதலிய தலைவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். சட்டமன்றத்தில் இருந்த அசுதோஷும் தம் மறுப்புகளைச் சொன்னார். ஆயினும் சட்டம் நிறைவேறியது.

நண்பர்களே, இந்தச் சட்டத்தில் நமக்கு நேரே தொடர்புடைய ஒரு பகுதி உண்டு. ஒரு கல்லூரி இணைவு வேண்டினால் அதன் ஆசிரியர்கள், கட்டடம், நூலகம், ஆய்வகம், பணநிலை ஆகியவற்றைப் பற்றிச் சான்று காட்டவேண்டும். பல்கலைக்கழகம் நேரில் விசாரிக்கவேண்டும். செனட் கருத்துச் சொல்லவேண்டும். அரசு முடிவு செய்யவேண்டும் என்று அதில் விதித்தார்கள். சென்ற ஆண்டு எங்கள் நிறமாலைமானிகளை எண்ணிய ஆய்வுக்குழுவின் தொல்வடிவத்தை அங்கே கண்டபோது நான் வியந்துபோனேன். நூறாண்டுகளுக்கும் மேலாக யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஆய்வகத்தில் கருவிகளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்!

அதே சட்டத்தில் வேறொரு வாசலும் இருந்தது. பல்கலைக்கழகம் தானே பேராசிரியர்களை நியமிக்கலாம், தானே ஆய்வகம் அமைக்கலாம், தானே பாடம் நடத்தலாம் என்று அது இடம் தந்தது. பலரும் அந்தச் சட்டத்தில் பூட்டை மட்டும் கண்டார்கள். அசுதோஷ் சாவியையும் கண்டார்.

1904இல் அவர் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1906இல் துணைவேந்தர் பொறுப்பும் வந்தது. அது ஊதியம் இல்லாத பதவி. பகலில் நீதிமன்றம், மற்ற நேரமெல்லாம் பல்கலைக்கழகம் என்று 1914 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து உழைத்தார். அவர் காலத்தில் வகுத்த புதிய விதிகளில் தாய்மொழிக்கு இடம் கிடைத்தது. 1891இல் தோற்றது, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் விதியாக நுழைந்தது.

கொடையால் எழுந்த கல்லூரி

விதி வந்துவிட்டால் பாடம் வந்துவிடுமா? ஆசிரியர் வேண்டும், அவருக்கு ஊதியம் வேண்டும், ஆய்வகம் வேண்டும். அரசிடமிருந்து போதிய உதவி கிடைக்கவில்லை. அசுதோஷ் செல்வர்களை நாடினார். வழக்கறிஞர் தாரகநாத் பாலித் 1912இல் நிலமும் பணமுமாகப் பெருங்கொடை அளித்தார். மறு ஆண்டு ராஷ்பிகாரி கோஷ் பத்து இலட்சம் ரூபாய் தந்தார். இயற்பியல், வேதியியல், பயன்முறைக் கணிதம், தாவரவியல் ஆகியவற்றில் பேராசிரியர் பதவிகள் பிறந்தன. 1914 மார்ச் 27ஆம் நாள் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அப்போது அவருடைய பதவிக்காலம் முடியச் சில நாட்களே இருந்தன.

ஆனால் பணம் இருந்தும் ஆளை அமர்த்த முடியாத தடையும் உண்டு. 1913இல் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த விரிவுரையாளர் மூவரை, அவர்களுடைய அரசியல் தொடர்பைக் காரணம் காட்டி அரசு ஏற்க மறுத்தது. வரலாற்றறிஞர் ஜெயஸ்வால் அவர்களுள் ஒருவர். பாடத்தை யார் நடத்துவது என்பதும் பாடத்தைப் போலவே போராட்டத்துக்கு உரியதாக இருந்தது.

ஆசிரியரைத் தேடிய கண்கள்

இங்குதான் நம் தமிழகம் இந்த வரலாற்றில் நுழைகிறது. திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இராமன், அப்போது கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்தார். வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்தார். அசுதோஷ் அவரைப் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெறவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. இராமன் வெளிநாடு செல்ல மறுத்தார். ஆளுக்காக நிபந்தனையைத் தளர்த்தச் செய்தார் அசுதோஷ். அதிகாரப் பதவியையும் அதன் உயர்ந்த ஊதியத்தையும் விட்டு 1917இல் இராமன் பேராசிரியரானார். அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவை அறிவித்தார். 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

இராமனோடு முடியவில்லை. பிரபுல்ல சந்திர ராய் வேதியியலுக்கு வந்தார். அப்போதுதான் முதுகலை முடித்திருந்த மேகநாத சாஹா, சத்தியேந்திரநாத் போஸ் என்னும் இரு இளைஞர்களை விரிவுரையாளர்களாகச் சேர்த்தார்கள். அவர்கள் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1920இல் பல்கலைக்கழகமே அதை நூலாக வெளியிட்டது. இந்தச் சாஹா, டாக்கா அருகே ஒரு சிற்றூரில் மளிகைக் கடைக்காரரின் மகன். விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க உலகுக்குச் சமன்பாடு தந்தவர். அவர் வாழ்க்கையைப் படித்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. முதுகலை வகுப்பு ஒன்று அவர் காலத்தில் கல்கத்தாவில் திறந்திருந்ததனால் அல்லவா அந்தக் கடைக்காரர் மகன் வானத்தைப் படித்தார்!

திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணனை 1921இல் மைசூரிலிருந்து தத்துவப் பேராசிரியராக அழைத்துவந்ததும் அசுதோஷே. பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் மானிடவியல் துறைக்குச் சென்றார். 1916இல் சோதனை உளவியல், 1918இல் பண்டைய இந்திய வரலாறும் பண்பாடும், 1920இல் மானிடவியல் என்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் அதுவரை தனித்துறையாகக் காணாத பாடங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன.

பாடங்களைப் பெருக்கியதைவிட ஒரு நுட்பமான மாற்றத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். 1917இல் வந்த புதிய விதிகளின்படி கலைக்கும் அறிவியலுக்கும் தனித்தனி முதுகலைக் கல்விப் பேரவைகள் அமைந்தன. வகுப்பில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்களே அவற்றில் உறுப்பினர்கள். பாடத்திட்டம் எது, தேர்வு எப்படி என்பதை அவர்களே அமர்ந்து ஆய்ந்து முன்மொழிந்தார்கள். கரும்பலகையின் முன் நிற்பவருக்குத்தான் எந்தப் பாடம் பழையதாகிவிட்டது, எது மாணவர் தலைக்கு எட்டவில்லை என்று தெரியும். அந்தப் பேரவைகளுக்கு இறக்கும் வரை அசுதோஷே தலைவர்.

1919இல் இந்திய மொழிகளில் முதுகலைப் படிப்பு தொடங்கியது. தேர்வில் ஓர் இடம் கேட்டுத் தோற்ற தாய்மொழி, பல்கலைக்கழகத்தின் உச்சிப் படியில் ஏறி அமர்ந்தது. கேட்டது 1891; ஏறியது 1919. இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளை நாம் மறக்கலாகாது.

நிறையும் குறையும்

அவர் செய்தன எல்லாம் சரியே என்று அன்றே எல்லோரும் ஒப்பவில்லை. பணம் இல்லாமலேயே துறைகளைப் பெருக்குகிறார், தேர்வுகள் எளிதாகிவிட்டன, தரம் தாழ்கிறது என்று கல்வியாளர் பலர் குறை சொன்னார்கள். வரலாற்றறிஞர் ஜாதுநாத் சர்க்கார் அவர்களுள் முதன்மையானவர். அந்தக் குறைகளில் உண்மையே இல்லை என்று சொல்லமுடியாது. மறுஆய்வு என்பது எதிரிகளின் சூழ்ச்சி மட்டும் அன்று. தகுதியான ஆசிரியரும் கருவியும் இல்லாத பாடம், பெயர்ப்பலகை மட்டும் உள்ள மருத்துவமனை போன்றது. எங்களுக்கு வந்த கடிதத்தை நினைத்துக் கோபப்பட்ட நான், இதைப் படித்தபின் அந்தக் கோபத்தைச் சற்று எடைபோட்டுப் பார்த்தேன். குழு கேட்ட கேள்வி நியாயமானது. ஆசிரியரும் இடமும் கிடைக்கச் செய்யாததுதான் நியாயம் அன்று.

1921இல் அவர் மீண்டும் துணைவேந்தரானார். பல்கலைக்கழகம் கடும் பற்றாக்குறையில் இருந்தது. ஆசிரியர்களுக்கு ஊதியம் தரவே தடுமாறியது. 1922இல் வங்க அரசு இரண்டரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் கூடவே பல நிபந்தனைகள் வந்தன. நிதிச் சுமை தரும் புதிய விரிவு எதையும் மேற்கொள்ளக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. வயிற்றுக்குச் சோறு போட்டுக் கையைக் கட்டும் உதவி அது. அசுதோஷ் செனட் சபையில் முழங்கினார். சபை அந்தப் பணத்தை மறுத்தது. 1923இல் ஆளுநர் லிட்டன், அரசுக்கு இணங்கி நடப்பதானால் பதவியை நீட்டிப்பதாக எழுதியபோது, அசுதோஷ் அந்தப் பதவியையே மறுத்துவிட்டார். வங்கத்துப் புலி என்று மக்கள் அவரை அழைத்தது வெறும் மீசைக்காக அன்று.

இறுதி நாட்கள்

1923 முடிவில் நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். மீண்டும் வழக்கறிஞராகி, ஒரு பெரிய வழக்குக்காகப் பாட்னா சென்றார். அங்கேயே 1924 மே 25ஆம் நாள் காலமானார். அறுபது வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. அவர் நட்ட துறைகள் அவருக்குப் பின்னும் நின்றன. இராமன் விளைவு, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்தே வந்தது. தாம் திறந்த வாசல் வழியே உள்ளே சென்றவர் கொண்டுவந்த ஒளியை அவர் காணவில்லை.

அன்பார்ந்த தோழர்களே! மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே! இந்த ஆண்டு நம் கல்லூரி முதுகலை இயற்பியலுக்கு மீண்டும் விண்ணப்பித்துள்ளது. இம்முறை நாங்கள் ஆய்வகத்தைத் துடைத்ததோடு நிற்கவில்லை. இளங்கலை முடித்துவிட்டு மேலே படிக்க வழியின்றி நின்றுபோன நம் ஊர்ப் பக்கத்து அக்காமார்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களுடைய பெயர்களையும் அவர்கள் படிப்பை விட்ட காரணத்தையும் கேட்டு எழுதினோம். அந்தப் பட்டியலை முதல்வர் ஐயாவிடம் கொடுத்தோம். அவர் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பியுள்ளார். ஒரு அக்கா தம் பெயரைச் சொல்லிவிட்டு, இனி எனக்கு என்ன பயன் என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் அன்று விடை இருக்கவில்லை.

இன்று ஒரு விடை உண்டு. தாம் கேட்ட கணிதப் பதவி அசுதோஷுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அவர் அடுத்தவர்களுக்கு இயற்பியல் பதவியைத் தேடித் தந்தார். வரும் ஆண்டில் இசைவு வந்தால் நான் இங்கேயே முதுகலை படிப்பேன். வராவிட்டால், மறுபடி கேட்பவர்களின் வரிசையில் நிற்பேன். எனக்குப் பின் விண்ணப்பப் படிவம் நிரப்பும் ஏதோ ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், முதுகலை இயற்பியல் என்று எழுதும்போது, அது அங்கே என்றைக்கும் இருந்ததாகவே நினைத்துக்கொள்ளட்டும். அதுவே போதும்.